தகப்பன் வழிச் சாட்சி

அபிராமி போன வாரம் தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில், நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள். இங்கே கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்ட்ரியாலில் பிறந்து வளர்ந்தவள். தமிழை வீட்டில் தாயோடு சண்டை பிடித்தே பழகியவள்.

“அங்கிள், திரும்பவும் வாக்கெடுப்பு வைக்கப்போறம் எண்டு கதைக்கினம். கியூபெக் பிரிஞ்சால் எங்கட ஃபைலுகளுக்கு என்ன நடக்கும்?”

“ஃபைல் இருந்த இடத்திலதான் இருக்கும். நாடுதான் அதுக்கடியில நகரும்.”

“பகிடி விடாதைங்கோ. புதுசா வந்த ஆக்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுக்க வேணும். ஒரு நாடு ரெண்டானால் என்னென்ன செய்யிறது எண்டு ஒரு பக்கத்தில எழுதித் தாங்கோ. உங்களுக்குத்தானே எல்லா நடைமுறையும் மனப்பாடம்.”

எழுத உட்கார்ந்தேன். புறநகரான பியர்ஃபொன்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் அதற்கு வேண்டிய அமைதி உண்டு. குடியுரிமை யாருக்கு, பழைய கடவுச்சீட்டு எதுவரை செல்லும், பிறந்த நாடு என்ற கட்டத்தில் பழைய பெயரா புதிய பெயரா, ஓய்வூதியம் எந்தப் பக்கத்துப் பொறுப்பு, திருமணப் பதிவு எந்தப் பக்கத்து அலமாரியில். அரைப் பக்கத்திலேயே எல்லாம் அடங்கிவிட்டது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை வாசித்து எவரும் ஒரு மனிதரைக்கூடக் கரை சேர்க்கப் போவதில்லை. ஆகவே அரைப் பக்கத்தை அபிராமிக்கு அனுப்பிவிட்டு, அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

என் தகுதியைப் பற்றிச் சுருக்கமாக. பேராதனையில் அரசறிவியல் படித்தேன். ஓர் அரசுக்கு நிலப்பரப்பு, மக்கள், அரசாங்கம், இறைமை ஆகிய நான்கும் வேண்டும் என்று எழுதி நல்ல புள்ளிகள் வாங்கினேன். ஐந்தாவதாக ஒரு கவுண்டரும், அதன் பின்னால் “நாளைக்கு வாருங்கள்” என்று சொல்ல ஒருவரும் வேண்டும் என்பது பாடத்தில் இருக்கவில்லை. கொழும்பில் பதிவாளர் கந்தோரில் சில காலம் அந்த ஒருவராக நானே இருந்தேன். பிறகு கலவரம். பிறகு மொன்ட்ரியால். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன், மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். ஒருநாள் அந்த வகுப்பு ஆசிரியை, “உங்கள் கையெழுத்து அரசாங்கக் கையெழுத்துப் போல் இருக்கிறதே” என்று சொல்லி ஒரு முகவரி தந்தார். அங்கே போனவன், முடி நரைக்கும்வரை வெளியே வரவில்லை.

அலுவலகம் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சலவைக் கடைக்கு மேல் இருந்தது. குடிவந்தவர்களுக்குப் படிவம் நிரப்புவது, நிரப்பிய படிவம் எங்கே சிக்கியிருக்கிறது என்று தேடுவது, சத்தியக் கடதாசி முடிப்பது: இவைதான் தொழில். வருடம் முழுவதும் கீழிருந்து சவர்க்கார வாசம் வரும். நாங்கள் அனுப்பிய ஃபைல்களைத் திறந்த அதிகாரிகளுக்கும் அது போயிருக்கும்.

எங்கள் பொறுப்பாளர் மதாம் லவாலே. உயரமான பெண்மணி, உறைகுளிரிலும் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைப்பார். இனி வருகிற பேச்சுக்கள் எல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், கொஞ்சம் அரபிலும் நடந்தவை. எனக்குள் அவை எங்கள் கதைவழக்கில்தான் பதிந்திருக்கின்றன; அப்படியே எழுதுகிறேன். மொழிபெயர்ப்புச் சரியென்று கையொப்பமிட யாரும் இல்லை.

ஒருவர் வந்து உட்கார்ந்தால் மதாம் முதலில் ஃபைலை மூடுவார். இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, “இப்ப சொல்லுங்கோ” என்பார். கேட்டு முடியும்வரை கைகள் அசையா. எனக்கு அவர் சொல்லித் தந்த வேலைமுறை மூன்று வாக்கியம்.

“கடதாசியில பாருங்கோ, முசியே நாதன். கடதாசி மறுத்தால் ஆளைப் பாருங்கோ. ஆளும் மறுத்தால் அவரின்ர வீட்டுக்குப் போங்கோ. ஆனா முதல்நாள் பையைத் திறக்காதைங்கோ, கடதாசியைக் கண்டால் மனுசர் சுருங்கிப் போவினம்.”

மதாம் கியூபெக் தனிநாடாக வேண்டும் என்பவர். அதை அவர் மறைத்ததும் இல்லை, எங்களிடம் பிரசாரம் செய்ததும் இல்லை. ஆனால் உலகத்தில் எந்த மக்களுக்குச் சுதந்திரம் கிடைத்தாலும், அவர்கள் மொன்ட்ரியாலில் ஏதாவது ஒரு தேவாலய மண்டபத்தில் கேக் வெட்டும்போது மதாம் அங்கே நிற்பார். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வருகிற, இன்னும் கல்யாணமாகாத பெண்ணைப் போல ஒரு முகத்தோடு திங்கட்கிழமை வேலைக்கு வருவார்.

தொண்ணூறுகளில் இங்கே நடந்த வாக்கெடுப்பில் அவருடைய பக்கம் மயிரிழையில் தோற்றது. எங்களைப் போன்ற வந்தேறிகளின் வாக்குத்தான் கெடுத்தது என்ற பேச்சு அடுத்தநாள் நகரம் முழுவதும் இருந்தது. நான் எப்படி வாக்களித்தேன் என்பதை மனைவிக்கே சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அன்று காலையில் தயங்கித் தயங்கித்தான் படி ஏறினேன். மதாம் வீங்கிய கண்களோடு கதவைத் திறந்து வைத்திருந்தார். என் மேசையில் ஒரு கோப்பி. முதல் ஆளாக ஒரு ஹெய்ட்டிக்காரர் கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வந்தார். மதாம் அந்தப் படிவத்தை ஒரு பிழையுமில்லாமல் நிரப்பிக் கொடுத்து, “வாழ்த்துக்கள்” என்றார்.

நாடு பிரிவதைப் பற்றி நான் முதலில் படித்தது ஒரு செக்கோஸ்லோவாக்கிய வயோதிபத் தம்பதியிடம். அவர்கள் நாடு ஒரு கண்ணாடி உடையாமல் இரண்டானது. பழைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வந்தார்கள். பழைய கூட்டாட்சிச் சட்டத்தின்படி ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு சிறிய குடியுரிமை, செக் அல்லது ஸ்லோவாக், இருந்திருக்கிறது. அது எதற்கும் பயன்படாததால் எவரும் கவனிக்கவில்லை. பிரிந்த அன்று அதுவே நாடாகிவிட்டது. கணவர் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம் என்பதை நான்தான் சொல்லவேண்டி வந்தது.

“இவ்வளவு காலமும் ஒரு வெளிநாட்டுக்காறியோட குடும்பம் நடத்தியிருக்கிறன்,” என்றார் கணவர்.

“உங்கட சாப்பாட்டுக் குறையளுக்கு இப்பவாவது ஒரு காரணம் கிடைச்சுதே,” என்றார் மனைவி.

சிரித்துக்கொண்டே போனார்கள். எல்லாரும் அப்படிப் போகவில்லை.

சூடான் வடக்கு, தெற்கு என இரண்டான கோடையில் மதாம் வழக்கம்போல் தெற்குச் சூடான்காரரின் ஒரு மண்டபத்துக்குப் போய், கேக் சாப்பிட்டு, ஒரு முதியவரின் பேச்சைக் கேட்டு மனம் உருகி வந்தார். அடுத்த சில மாதங்களில் சல்மா எங்கள் படியேறி வந்தார்.

சல்மா சின்ன வயதில் பெற்றோருடன் வடக்குச் சூடானிலிருந்து இங்கே வந்தவர். மொன்ட்ரியால்-நோரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், இங்கே எல்லாரும் சொல்வதுபோல் ஒரு கார்டெரியில், வேலை. அங்கே ஒம்டுர்மான் நகரத்தில் தன் பழைய அயல்வீட்டுப் பையன் யாசிரைப் போய்த் திருமணம் செய்து, கர்ப்பத்தோடு திரும்பி, அவருக்காக விண்ணப்பம் போட்டிருந்தார். மகள் மரியம் இங்கே பிறந்தாள். அப்பா என்பவர் கணினித் திரைக்குள் இருந்து கையசைக்கும் ஒருவர் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. அன்று தாயின் மடியில் இருந்து எங்கள் முத்திரை மையில் விரல் வைத்தாள்.

மதாம் ஃபைலை மூடினார். “இப்ப சொல்லுங்கோ.”

“அவர் பிறந்த வீட்டிலதான் இருக்கிறார். ஆனா அவருக்கு இப்ப அது வெளிநாடாம்.”

“ஆர் சொன்னது?”

“பாஸ்போட் முடிஞ்சிட்டுது எண்டு புதுப்பிக்கப் போனவர். தகப்பன்ர பேரைப் பாத்திட்டு, நீர் தெற்கு, உம்மட ஆக்களிட்டப் போம் எண்டு சொல்லிப்போட்டினம்.”

“போனவரோ?”

“போனவர். கார்ட்டூமில தெற்கின்ர தூதரகத்தில, தகப்பன் வழியில ஒரு பெரியவரைச் சாட்சிக்குக் கொண்டு வாரும் எண்டினம். மதாம், அவர் தெற்கைக் கண்ணால கண்டதில்லை. அந்தப் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. தாய் வடக்கு. தாயின்ர வீட்டில வளந்தவர்.”

சட்டம் தகப்பனைத்தான் பார்த்தது. யாசிரின் தகப்பன் மாஜோக் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, ஒம்டுர்மானில் திருமணம் செய்து, மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனவர். ஆகவே நாடு பிரிந்த காலையில் மகன் தெற்கத்தியனாக விழித்தார். வடக்கு அவரைப் போன்றவர்களுக்குச் சில மாத அவகாசம் கொடுத்திருந்தது. அதன் பிறகு அவர் வீட்டிலேயே அந்நியர், எந்த வண்டியில் ஏற்றியும் எல்லைக்கு அப்பால் இறக்கிவிடலாம். இங்கேயோ அவரது விசா அநேகமாகத் தயார். கியூபெக்கின் சான்றிதழ் வந்துவிட்டது, மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது. விசாவை ஒட்டுவதற்கு ஒரு கடவுச்சீட்டுத்தான் இல்லை. மருத்துவப் பரிசோதனை ஒரு வருடத்துக்கு மேல் செல்லாது. அது காலாவதியானால் ஃபைல் பின்னால் போகும். அதற்குள் யாசிர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் கடதாசியில் பார்த்தேன். கடவுச்சீட்டே பெறமுடியாதவர்களுக்கு ஒருவழிப் பயணப் பத்திரம் என்று ஒன்று உண்டு. அதற்கு, எந்த நாடும் இவருக்குக் கடவுச்சீட்டுத் தராது என்று எழுத்தில் காட்ட வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தக் கந்தோரும் “இல்லை” என்பதை எழுதித் தராது. வாயால் ஆயிரம் முறை சொல்லும். யாசிர் இரண்டு கந்தோர்களிலும் கேட்டார். வடக்கில் சிரித்தார்கள். தெற்கில், “நாங்கள் மறுக்கவில்லையே, பெரியவரைக் கொண்டுவா என்றுதானே சொன்னோம்” என்றார்கள். அது உண்மைதான்.

பெரியவர் வெளிநாட்டில் இருந்தால்? விசாரிக்கச் சொன்னேன். அவர் அங்கே அறியப்பட்டவராக இருந்து, சத்தியக் கடதாசி முறைப்படி முடிக்கப்பட்டிருந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. பார்க்கலாம் என்பது கந்தோர் மொழியில் பாதி ஆம்.

மதாம் என்னைப் பார்த்தார். “அந்தக் கேக் வெட்டின மண்டபத்தில பேசின மனுசனுக்குத் தெற்கில தெரியாத குடும்பம் இல்லை எண்டு சொன்னவை. கேட்டுப் பாப்பம்.”

கேட்டார். பீற்றர் அகோல் என்ற அந்த முதியவருக்கு மாஜோக்கைத் தெரிந்திருந்தது. ஒரே குலம், தம்பி முறை. ஒரே மிஷன் பள்ளிக்கூடம். தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, “வரட்டும், தேத்தண்ணி குடிக்கட்டும். அதுக்கு மேல ஒண்டும் சொல்லேலாது” என்றாராம்.

சல்மாவையும் மரியத்தையும் கூட்டிக்கொண்டு நான் போனேன். அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய அடுக்குமாடியில் தனியாக இருந்தார். முன்பு ஆசிரியர், இங்கே ஒரு மருத்துவமனையில் வார்டு சுத்தம் செய்து ஓய்வு பெற்றவர். சுவரில் ஒரு சிலுவை, புதிய நாட்டின் கொடி, சீருடையில் ஒரு இளைஞனின் படம். தேநீரில் சீனி கரண்டி நிற்கிற அளவுக்கு இருந்தது. சல்மாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். ஆனால் அவரோடு வடக்கின் மொழியான அரபு பேசவில்லை. என்னைப் பார்த்து ஆங்கிலத்திலேயே பேசினார். என் பை மடியில் மூடியபடி இருந்தது.

“மாஜோக் கெட்டிக்காறன். கார்ட்டூம் பக்கம் போய் வடக்கத்திப் பெட்டை ஒருத்தியைக் கட்டினான். அதுக்குப் பேந்து நாங்கள் அவன்ர பேரை எடுக்கிறதில்லை.”

“அந்தப் பெட்டை என்ர மாமி,” என்றார் சல்மா.

“தெரியும்.” இப்போதும் என்னைத்தான் பார்த்தார். “நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டும் தெரியும், மிஸ்டர் நாதன். எங்கட நாட்டுப் பாஸ்போட் வேணும். கிடைச்ச உடன என்ன செய்வார்? எங்கட நாட்டுக்குப் போய் ஒரு கல்லைத் தூக்கி வைப்பாரோ? மொன்ட்ரியாலுக்கு பிளேன் ஏறுவார். என்ர மகன் அந்தக் கடதாசிக்காகச் செத்தவன். உங்களுக்கு அது பஸ் டிக்கெட்.”

நான் வாயைத் திறக்குமுன் சல்மா சொன்னார்: “ஓம், டிக்கெட்தான். நான் உங்களுக்குப் பொய் சொல்லேல்லை, ஐயா. எனக்கு நாடு வேண்டாம். என்ர மனுசன் வேணும்.”

முதியவர் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தார். மரியம் கதிரையிலிருந்து வழுக்கி இறங்கிப் போய்ப் படத்தின் கீழே நின்றாள்.

“இது ஆர்?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“என்ர மகன்.”

“எங்க அவர்?”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் எந்த நாடு?”

“இலங்கை.”

“தெற்கோ, வடக்கோ?”

“வடக்கு.”

“எங்களுக்குத் தலைகீழ்.” ஒரு சிறிய சிரிப்பு. “உங்கட ஆக்களும் பிரியக் கேட்டவையள்தானே? நாடு வந்ததோ?”

“இல்லை.”

“பெடியள் செத்தவையோ?”

“ஓம். கனபேர். என்ர தங்கச்சியின்ர மகனும்.”

“அப்ப உங்களுக்குக் கையில கடதாசியும் இல்லை.”

“இல்லை.”

இதே கேள்விகளை என்னிடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். விசாரணை அதிகாரிகள் பேனையோடு கேட்டார்கள். கல்யாண வீடுகளில் அரசியல் பேசுகிறவர்கள், என் பதிலில் குற்றம் பிடிக்கவென்றே கேட்டார்கள். துக்கம் கேட்பது போல் கேட்டவர் அந்த ஒருவர்தான். தங்கையின் மகனைப் பற்றி நான் அலுவலக நேரத்தில் வாய் திறந்ததும் அன்றுதான். கோப்பையைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து அதை வாங்கி, கேட்காமலே மறுபடி நிரப்பினார்.

“சனிக்கிழமை காலமை வாங்கோ,” என்றார். “அவனோட நான் கதைச்சுப் பாக்கிறன். கதைச்சுப் பாத்துத்தான். ஒருநாளும் காணாத மனுசனைத் தெரியும் எண்டு பைபிளில கைவைச்சுப் பொய்ச்சத்தியம் பண்ணமாட்டன்.”

சனிக்கிழமை. மேசை நடுவில் சல்மாவின் தொலைபேசி, ஒலிபெருக்கியில். ஒம்டுர்மானில் மாலை, பின்னால் பள்ளிவாசல் ஒலியும் யாரோ இரும்பு தட்டும் சத்தமும் கேட்டன. யாசிருக்கு வெல்டிங் வேலை. அவர்கள் அரபில் பேச, சல்மா என் காதருகே பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர்கள் வழக்கப்படி ஒருவன் யார் என்று கேட்டால் ஊரைச் சொல்வதில்லை. தகப்பன், தகப்பனின் தகப்பன், அவர் தகப்பன் என்று பெயர்களை ஏறிக்கொண்டே போக வேண்டும். சிறுவர்கள் நடக்கப் பழகும்போதே அதுவும் பழகுவார்களாம்.

“சொல்லு,” என்றார் அகோல். “நீ ஆர்?”

“யாசிர். மாஜோக்கின்ர மகன்.”

“மாஜோக் ஆரின்ர மகன்?”

ஒரு பெயர் வந்தது. பிறகு இரும்பு தட்டும் சத்தம் மட்டும்.

“அதுக்கு மேல?”

“தெரியாது, ஐயா. அப்பா செத்தபோது நான் சின்னப் பெடியன். சொல்லித்தர அங்க ஆக்கள் இல்லை.”

அகோல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நேர்முகத் தேர்வுகள் நிறையப் பார்த்தவன் நான். அதிகாரி மனதுக்குள் மறுத்துவிட்டு ஃபைலிலிருந்து கையை எடுக்கும் கணம் எனக்குத் தெரியும். சல்மாவுக்கும் தெரிந்துவிட்டது, என் காதருகில் இருந்த குரல் நின்றது. மரியம் தொலைபேசியைப் பார்த்து “பபா” என்றாள்.

பிறகு அகோல் வேறு ஏதோ கேட்டார், மிகவும் தாழ்ந்த குரலில். சல்மா சொல்லத் தொடங்கியபோதுதான் விளங்கியது.

“அவனை எங்க தாட்டனீங்கள்?”

“கிறிஸ்தவ மயானத்தில. மதிலோரத்தில ஒரு வேப்பமரம் நிக்குது, அதுக்குக் கிட்ட.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. தொழுகை முடியப் போறனான். மணல் ஏறிப்போகும், கூட்ட வேணும்.”

“நீ முஸ்லிம்.”

“ஓம்.”

“சிலுவை நிக்குதோ?”

“மரத்தில வைச்சதைக் கறையான் அரிச்சுப்போட்டுது. பேந்து நான் இரும்பில ஒண்டு ஒட்டி நட்டனான். தொழில் பழகின புதுசு, ஐயா. ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு.”

“மௌலவி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“கேட்டவர். என்ர அப்பா தானே எண்டு சொன்னன்.”

அகோல் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே தெருவில் பனி வழிக்கும் வண்டி ஒன்று பின்னுக்கு வரும்போது அடிக்கும் மணி கேட்டது. திரும்பி வந்து கண்ணாடியைப் போட்டார்.

“பையைத் திறவுங்கோ, மிஸ்டர் நாதன்.”

நான் தயாரித்து வைத்திருந்த வாசகம் இப்படித் தொடங்கும்: இவரை நான் தனிப்பட முறையில் அறிவேன். அந்த வரியை அவர் ஒரு கோடு போட்டு வெட்டினார். மேலே, பள்ளிக்கூட வாத்தியாரின் நிமிர்ந்த எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதினார்: “இவரை நான் கண்டதில்லை. இவருக்கு எங்கள் பெயர்கள் தெரியாது. இவர் தன் தகப்பனின் கல்லறையைக் கூட்டி, அதற்குத் தன் கையால் சிலுவை செய்து நட்டவர். ஆகவே இவர் மாஜோக்கின் மகன் என்றும், எங்களவர் என்றும் சத்தியம் செய்கிறேன்.”

வெட்டிய இடத்தின் ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. இட்டோம். கடமைக்கு ஒன்று சொன்னேன்: “இப்பிடி எழுதினால் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவினம். நான் போட்ட வசனம்தான் வழமை.”

“அனுப்பட்டும். அங்க கவுண்டரில இருக்கிறவனும் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவன்தானே.”

மதாம் அந்தப் பக்கத்தைத் திங்கட்கிழமை இரண்டு முறை வாசித்தார். பிறகு நகல் எடுக்கும் இயந்திரத்துக்குத் தானே போனார். அந்த வேலையை அவர் செய்து நான் பார்த்ததில்லை. கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். வடக்கின் அவகாசம் கரைந்துகொண்டிருந்தது. சல்மா ஒவ்வொரு நாளும் கார்டெரியில் பிள்ளைகள் மதியம் உறங்கும் நேரத்தில் தொலைபேசி எடுப்பார், “ஒண்டும் இல்லையோ?” என்பார்; நான் “ஒண்டும் இல்லை” என்பேன்; இரண்டு பேரும் வைத்துவிடுவோம்.

அந்த நாட்களில் ஒரு மாலை, விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது மதாமிடம் கேட்டேன். பதினைந்து வருடமாகக் கேட்கலாமா என்று வைத்திருந்த கேள்வி.

“இவ்வளவையும் பாத்த பிறகும் உங்களுக்குக் கியூபெக் பிரிய வேணுமோ?”

அவர் கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினார். “வேணும்,” என்றார். “ஆனா பிரியிற அண்டைக்குக் காலமை இந்தக் கவுண்டரில நான் இருக்க வேணும். வேற ஒருத்தரையும் நம்பமாட்டன்.” பிறகு, “நீங்களும் பக்கத்தில இருங்கோ” என்றார்.

தெற்கின் கந்தோரில் கவுண்டரில் இருந்தவர் அந்தக் கடதாசியை வாசித்துவிட்டு உள்ளே கொண்டுபோனாராம். உள்ளே இருந்து ஒரு பெரிய அதிகாரி வெளியே வந்து, யார் அந்த வெல்டர் என்று கேட்டாராம். கடவுச்சீட்டு கிடைத்தது. புத்தம் புதிய நாட்டின் புத்தம் புதிய கடவுச்சீட்டு. மை கையில் ஒட்டிவிடுமோ என்று யாசிர் பயந்ததாகச் சல்மா சொன்னார். விசா அதில் ஒட்டப்பட்டபோது மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது.

விமான நிலையத்துக்கு என் காரில் போனோம். இது எந்த நடைமுறையிலும் இல்லை. அகோல் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். சூட் அணிந்து, மேலே தன் குளிரங்கி, கையில் இன்னொரு குளிரங்கி. “அவன் அங்க போடுற சட்டையோட வந்து இறங்குவான்,” என்றார். அப்படித்தான் யாசிர் வந்தார், மெல்லிய நீலச் சட்டையில், ஒரு சூட்கேசோடு.

சல்மா அழவில்லை, ஒரு கையால் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். மரியம் தாயின் அங்கிக்குப் பின்னால் ஒளிந்தாள். யாசிர் அவளைத் தூக்கப் போகவில்லை. சூட்கேசைப் படுக்க வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, அவள் உயரத்துக்கு வந்து காத்திருந்தார். ஜனங்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். நெடுநேரத்துக்குப் பிறகு அவள் வந்து, அவர் கையில் நெருப்புப் பொறி பட்ட தழும்புகளில் ஒன்றைத் தொட்டு, பிரெஞ்சில், “நோகுதோ?” என்றாள்.

“என்ன கேக்கிறாள்?” என்று அவர் மனைவியைக் கேட்டார். சல்மாவால் மொழிபெயர்க்க முடியவில்லை.

அகோல் குளிரங்கியை விரித்துப் பிடித்தார். யாசிர் திரும்பிக் கைகளை அதற்குள் நுழைத்தார். அவர்கள் இருவரும் அப்போது பேசியது அவ்வளவுதான்.

காரில் அகோல் எனக்குப் பக்கத்தில். பின்னால் மூவரும். நெடுஞ்சாலையில் ஏறியபின் அவர் திரும்பிப் பாராமலே ஏதோ கேட்டார். சல்மா வழக்கத்தால் என் பக்கம் குனிந்து சொன்னார்.

“இனி வெள்ளிக்கிழமையில அங்க ஆர் போறது?”

“அம்மா,” என்றார் யாசிர். “போன வெள்ளியும் அவதான் போனவா. முழங்கால் ஏலாது, ஆனா பஸ்ஸில போய் வாறா. சிலுவையில துருப் பிடிக்குதாம், பெயின்ட் அடிக்க வேணுமாம்.”

வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. அகோல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வெளிவழிகள் கடந்தபின், “அவ இப்ப முழிச்சிருப்பாவோ?” என்றார்.

“நான் வந்து சேந்தன் எண்டு கேக்காமல் படுக்கமாட்டா.”

யாசிர் எண்ணை அழுத்தி, முதலில் தான் இரண்டு சொல் பேசி, தொலைபேசியை முன்னால் நீட்டினார். அகோல் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் சொன்னதில் இரண்டு பெயர்கள் மட்டும் எனக்கு விளங்கின: தன் பெயர், மாஜோக்கின் பெயர். மறுபக்கம் ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல், மெதுவாக.

என்ன பேசினார்கள் என்று சல்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் இறங்கவேண்டிய வழி வந்தது. நான் அதில் இறங்காமல் நேரே ஓட்டினேன். அடுத்ததிலும் இறங்கவில்லை. பாலத்தின் அடையாளப் பலகை தெரியத் தொடங்கியபோதுதான் அகோல் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, அது அணைந்துவிட்டதா என்று பார்த்து, பின்னால் கொடுத்தார்.

“என்ன நிறம் அடிக்கிறது எண்டு கேட்டா,” என்றார் என்னிடம், ஆங்கிலத்தில். “வெள்ளை எண்டு சொன்னன்.”